தவக்காலத்தில் ஒரு அல்லேலூயா

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு காய்ந்த ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு அடையாறிலிருந்து மயிலாப்பூருக்கு ஆட்டோவில் போனேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னை இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை கேட்டே விட்டார்.

"இன்னா சார் அது? மந்திரிச்சதா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாரா வாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அவன் சும்மா இருப்பான் என்று எதிர்பார்ப்பது நியாயமா? பாலம் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்து ஞாயிறு. அன்றைக்குக் கோயிலில் கொடுக்கும் ஓலையைச் சிலுவையாக மடித்து, வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைப்போம். ஒரு வருஷம் அது அங்கேயே கிடந்து காயும். பல்லி குடும்பம் நடத்தும். அடுத்த வருஷம் தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் அதைக் கோயிலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எல்லா வீட்டு ஓலைகளையும் ஒன்றாகக் குவித்துக் கொளுத்துவார்கள். அந்தச் சாம்பலைத்தான் தவக்காலம் தொடங்கும் நாளான வருகிற புதன்கிழமை எங்கள் நெற்றியில் பூசுவார்கள்.

"அப்ப உங்களாண்டயும் விபூதி கீது?"

"இருக்கே! அந்த நாளுக்கே எங்க வீட்டுல விபூதிப் புதன்னுதான் பேரு."

"அட!" என்று சந்தோஷப்பட்டவர், அதே சந்தோஷத்தில் அடுத்த சிக்னலில் சிவப்பைக் கவனிக்காமல் போய்விட்டார்.

மயிலாப்பூரில் குளத்துக்கும் கடலுக்கும் நடுவில், சந்துகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் சின்னக் கோயில் எங்களுடையது. நான் ஞானஸ்நானம் வாங்கியது, முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் அங்கேதான். அடையாறுக்குக் குடிபோய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அடையாறில் கோயில் இல்லையா? இருக்கிறது. கார் நிறுத்த இடம்கூட இருக்கிறது. ஆனாலும் ஓலையைக் கொடுக்க மட்டும் பழைய இடத்துக்குத்தான் போகத் தோன்றுகிறது. இதற்கெல்லாம் காரணம் சொல்ல முடியுமா என்ன?

கேட்டுக்குப் பக்கத்தில் வழக்கம்போல் ஒரு சாக்குப் பை. பாதிக்கு மேல் ஓலைகள். நான் குனிந்து என் ஓலையைப் போட்டேன். அதற்கு மேல் இன்னொரு கை ஒரு ஓலையைப் போட்டது. வெடித்து, உப்பேறி, நரம்பு தெரியும் கை.

நிமிர்ந்தேன்.

பிலோ!

என் கால் தானாகவே ஒரு அடி பின்னால் போனது. ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து ஒரு பழைய சிநேகிதியைப் பார்த்தால் சந்தோஷம்தானே வர வேண்டும்? கால் ஏன் பின்னால் போக வேண்டும்?

அதற்கு உங்களுக்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். கதை என்றா சொன்னேன்... குற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சட்டம். தவக்காலத்தில், அதாவது ஈஸ்டர் வரைக்குமான நாற்பது நாளும், கத்தோலிக்கக் கோயிலில் 'அல்லேலூயா' என்று பாடக் கூடாது. அது மகிழ்ச்சியின் சொல். துக்கத்துக்கு ஆகாது. கறியை விடுகிறோம், சினிமாவை விடுகிறோம், அது மாதிரி அந்தச் சொல்லையும் விட்டுவிடுகிறோம். சாமியார் நற்செய்தி வாசிப்பதற்கு முன்னால் எல்லோரும் எழுந்து நின்று எப்போதும் பாடுவது அல்லேலூயா. தவக்காலத்தில் மட்டும் அந்த இடத்தில் வேறொரு வாழ்த்தொலி வரும், இழுத்து, அடக்கமாக.

சரி, ஒன்றை விடப்போகிறோம் என்றால் அதற்கு முந்தின நாள் என்ன செய்வோம்? மூக்கு முட்டச் சாப்பிடுவோம். அல்லேலூயாவுக்கும் அதே கதைதான்! தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு எங்கள் கோயிலில் 'அல்லேலூயா சாயங்காலம்'. மாலைப் பூசை முடிந்ததும் தெரிந்த அல்லேலூயா அத்தனையையும் பாடித் தீர்ப்போம். குப்பத்திலிருந்து பேண்டு செட் வரும். டிரம்பெட் ஊதுகிறவரின் கன்னம் பன் மாதிரி உப்பும். பெரிய டிரம் அடிக்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். பக்கத்து வீட்டு மாமிகள்கூட மொட்டை மாடியில் வந்து நின்று கேட்பார்கள்.

கடைசியில், பீடத்துக்கு மேலே தொங்கும் நீலப் பட்டுத்துணியை இறக்குவார்கள். கன்னியர் மடத்து சிஸ்டர்கள் ஜரிகையில் 'அல்லேலூயா' என்று தைத்துக் கொடுத்த துணி அது. அதைச் சுருட்டி ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் யாரும் பாட மாட்டார்கள், பேசக்கூட மாட்டார்கள். கலைந்து போய்விடுவோம். ஈஸ்டர் பூசையில்தான் அந்தப் பெட்டி திறக்கும்.

அப்போதெல்லாம் அந்தச் சில வாரங்கள் எப்படி இருக்கும் தெரியுமா? தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆகவே அதற்கு முன்னால் கல்யாணமோ கல்யாணம். கோயிலில் பாடும் குழுவான கொயரில் இருந்த எங்களுக்கு ஒரே நாளில் மூன்று கல்யாணப் பூசை, மூன்று பிரியாணி. மூன்றாவது கல்யாணத்தில் பாடும்போது ஏப்பத்துக்கும் பல்லவிக்கும் வித்தியாசம் தெரியாது. சைக்ளோஸ்டைல் செய்த பாட்டுத் தாளில் மை ஈரம் காயாமலே இருக்கும். விரல் நீலமாகி, அந்த விரலால் முகத்தைத் துடைத்து, முகமும் நீலமாகி... ரிகர்சல் முடிந்ததும் எல்லோரும் கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்போம். எனக்கு இருபது வயசு. இன்றைக்கும் நீல மை வாசனை எங்கேயாவது வந்தால் எனக்குப் பசிக்கிறது.

கொயரில் நான்தான் பெடல் ஆர்மோனியம். காலால் காற்று மிதித்துக்கொண்டே கையால் வாசிக்க வேண்டும். கால் நின்றால் பாட்டுக்கு மூச்சு வாங்கும். எனக்குப் பக்கத்தில், வலது தோள் ஓரமாக நிற்பவள் பிலோமினா. பிலோ. அவள்தான் எடுத்துக் கொடுப்பவள், அதாவது பாட்டை முதலில் தொடங்கிவைப்பவள்.

குப்பத்துப் பெண். அப்பா கட்டுமரம் போவார். அம்மா மீன் கூடையோடு மந்தைவெளி வரைக்கும் நடப்பார். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய வீட்டில் பிறந்த குரல் அவளுடையது. மைக் வைத்தால் மைக்தான் பாவம்! தாளைப் பார்த்துப் பாடுகிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. எல்லாமே காதுதான். நான் இரண்டு விநாடி எடுப்பு வாசித்தால் போதும். இன்ன பாட்டு என்று பிடித்துக்கொண்டு, மூன்றாவது விநாடியில் கோயிலையே தூக்கி நிறுத்திவிடுவாள்.

அந்த வருஷம் நாங்கள் கொண்டாடிய மாதிரி அல்லேலூயா சாயங்காலத்தை அதற்குப் பிறகு யாரும் கொண்டாடவில்லை என்று இன்றும் சொல்வேன். விரல் வீங்கும்வரை வாசித்தேன். பிலோ தொண்டை கட்டும்வரை பாடினாள். பெட்டி மூடியது.

அடுத்த ஞாயிறு. தவக்காலத்தின் முதல் ஞாயிறு. பூசை நடக்கிறது. நற்செய்திக்காக எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். நான் தவக்கால வாழ்த்தொலிக்கு எடுப்புக் கொடுக்க வேண்டும்.

என் விரல்கள் அல்லேலூயாவுக்குக் கொடுத்தன.

அதுவரை வாராவாரம் அந்த இடத்தில் அதையே வாசித்த விரல்கள். தானாகவே போய்விட்டன. இரண்டே விநாடி. மெதுவான எடுப்பு... என்னையும் பிலோவையும் தவிர யாருக்கும் சரியாகக் கேட்டிருக்காது. ஆனால் மூன்றாவது விநாடியில் நடந்தது எல்லோருக்கும் கேட்டது.

"அல்லே... லூயா!"

முழுக் குரல். தவக்காலத்தில்! கோயில் அப்படியே உறைந்துவிட்டது. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிலோ பாதிச் சொல்லில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் பங்குச் சாமியாரை எல்லோரும் 'பெரிய சாமியார்' என்றுதான் சொல்வோம். உயரமும் பெரிசு, கோபமும் பெரிசு. பூசைக்கு லேட்டாக வருகிறவர்களைப் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். பூசை முடிந்ததும் கொயர் மொத்தத்தையும் வரிசையாக நிறுத்தினார்.

"எடுத்தது யாரு?"

எல்லோரும் பிலோவைப் பார்த்தார்கள். பிலோ என்னைப் பார்த்தாள்.

நான் ஆர்மோனியத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் தூசியே இல்லை.

"ஈஸ்டர் வரைக்கும் நீ பாட வேண்டாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பிலோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மரக் கூண்டு. நடுவில் சல்லடை போட்ட ஒரு தடுப்பு. அந்தப் பக்கம் சாமியார் உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் நாம் முழங்காலில் நின்று, செய்த பாவத்தைச் சொல்ல வேண்டும். அவர் கடவுள் பெயரால் மன்னித்து, பரிகாரமாகச் சில ஜெபங்களைச் சொல்லச் சொல்வார்.

அந்தப் பக்கம் இருந்தவர் பெரிய சாமியார்தான்.

"அன்னிக்கு மாத்தி வாசிச்சது நான்தான் ஃபாதர். பிலோ மேல தப்பு இல்ல. பயத்துல சொல்லல."

சல்லடைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு கேட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?"

"இல்ல ஃபாதர்."

"சொல்லு."

"சரி ஃபாதர்."

பரிகாரமாக மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிலோவிடம் சொல்லச் சொன்னதை மட்டும் செய்யவில்லை. ஏன் செய்ய வேண்டும்? அதுதான் சாமியாருக்கே தெரிந்துவிட்டதே, இனிமேல் அவர் பார்த்துக்கொள்வார்... அப்படித்தான் நினைத்தேன். மனசு லேசாகி, வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஈஸ்டர் வந்தது. பெட்டி திறந்தது. பிலோ வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. அதற்குள் எனக்கு வேலை, கல்யாணம், குழந்தை, இந்தப் பத்தி...

ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் இதே பத்தியில் இந்தச் சம்பவத்தை ஒரு காமெடியாக எழுதியிருக்கிறேன். தவக்காலத்தில் அல்லேலூயா என்று கத்திய பெண், உறைந்துபோன கோயில், கோபக்காரச் சாமியார். விழுந்து விழுந்து சிரித்ததாக நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். அந்தப் பத்தியில் ஆர்மோனியக்காரன் வரவே இல்லை.

இப்போது புரிகிறதா, சாக்குப் பைக்குப் பக்கத்தில் என் கால் ஏன் பின்னால் போனது என்று?

"சேவியரா? சேவிதானே நீ?" பிலோ என் முகத்துக்குக் கிட்டே வந்து பார்த்தாள். "இன்னாபா தலைல ஒன்னியும் காணோம்? பூரா வழிச்சிகினு பூட்ச்சா?"

"நீ எப்படி இருக்கே பிலோ?"

"கீறேன். பெரும்பாக்கத்துல கீறோம். குப்பத்துல வூட்ட எடுத்துட்டு அங்க குட்த்தாங்க. ஆறாவது மாடி. ஜன்னல்ல கடலு தெரியுமான்னு கேட்டேன், ஏரி தெரியும்னானுங்க." சிரித்தாள். "வருசா வருசம் இந்த ஓலைய மட்டும் இங்க வந்து போட்டுட்டுப் போறது. ரெண்டு பஸ்ஸு மாறி."

அவளும் அதே மாதிரிதான்! அதே ஞாயிறு, அதே சாக்குப் பை. எத்தனையோ வருஷம் ஒரு மணி நேர இடைவெளியில் இருவரும் வந்து போயிருக்கிறோம்.

அப்போதுதான் ஷெரின் ஓடி வந்தாள். ஷெரின் இப்போதைய கொயரின் லீடர். தரமணியில் ஐ.டி. வேலை. ஞாயிறு வந்தால் கீபோர்டு. "அங்கிள், பூசை முடிஞ்சதும் கடைசிப் பாட்டுக்கு நீங்கதான் வாசிக்கணும், சொல்லிட்டேன். ஆன்ட்டி யாரு? ஓல்டு கொயரா? ஆன்ட்டி, நீங்க பாடுங்களேன்!"

"நா பாடறதில்லமா."

"ஐயோ, ஏன் ஆன்ட்டி?"

"நிறுத்திட்டேன்."

ஷெரின் போனதும் நான் அசட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். "எப்ப நிறுத்தின?"

"நீ பாத்துகினுதானே இருந்த?" என்றாள்.

பூசைக்கு இன்னும் அரை மணி இருந்தது. பாதாம் மரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். பேண்டு செட்டுக்காரர்கள் வந்து இறங்கி, டிரம்முக்கு வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் சொல்லாவிட்டால் இனி எப்போது? நான் என்ன, இன்னொரு நாற்பது வருஷம் இருக்கப் போகிறேனா?

"பிலோ... அன்னிக்கு மாத்தி வாசிச்சது நான்."

"தெரியும். எனக்கு இன்னா காது செவிடா?"

"அப்ப ஏன் நீ சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன்."

அவள் என்னைப் பார்க்காமல் டிரம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உம்மேல அப்ப கோவம் இருந்திச்சு. அப்பறம் வுட்டுட்டேன். நீ ஒரு பயந்தாங்கொள்ளி, அது தெரிஞ்ச விசயம். ஆனா அந்த சாமியார மட்டும் என்னால மன்னிக்கவே முடியல சேவி."

"திட்டினதாலயா?"

"திட்டுனா இன்னா? எங்க நைனா திட்டாத திட்டா? இது வேற. ஒனக்குத் தெரியாது. அவரு எங்க வூட்டுக்கு வந்தாரு."

எனக்குத் தெரியாதுதான். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அந்த தவக்காலம் முடியறதுக்குள்ள. உச்சி வெயிலு. அந்த வெள்ள அங்கிய தூக்கிப் புடிச்சிகினு, மணல்ல நடந்து வராரு. குப்பமே வேடிக்க பாக்குது. வாசல்ல நின்னுகினு, 'பிலோமினா, வந்து பாடும்மா, ஈஸ்டருக்கு நீதான் எடுக்கணும்'ன்னாரு. எனக்கு சந்தோசம்தான். ஆனா ஒன்னே ஒன்னு கேட்டேன். 'நா தப்பு பண்ணலன்னு உங்களுக்குத் தெரியுமா ஃபாதர்?' அவ்ளோதான். தெரியும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அப்டியே ஓடி வந்திருப்பேன்."

"என்ன சொன்னார்?"

"'அத்த நான் சொல்ல முடியாதும்மா'ன்னாரு."

டிரம்காரர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"'ஏன் சொல்ல முடியாது?'ன்னு கேக்கறேன். தலைய குனிஞ்சிகினு நிக்கறாரு. 'நீ வந்து பாடு, அத மட்டும்தான் நான் சொல்ல முடியும்'ன்றாரு. இன்னா திமிரு பாத்தியா! ஊரு முன்னாடி, எங்க நைனா முன்னாடி. தப்பு உம்மேலதான், ஆனா போனாப் போவுது வான்னு கூப்புடறா மாதிரி. கதவ சாத்திட்டேன். மூணு தபா வந்தாரு. மூணு தபாவும் அதே பேச்சு. நானும் மூணு தபா சாத்துனேன். அவரு செத்தப்போ குப்பமே போச்சு. நா போவல. அவரு நின்ன கோயில்ல வாயத் தொறக்க மாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

சொல்ல முடியாது.

உங்களுக்கு அந்த இரண்டு சொல் சாதாரணமாகப் படலாம். எங்களுக்கு அப்படி இல்லை. பாவசங்கீர்த்தனக் கூண்டில் காதில் விழுந்ததை ஒரு சாமியார் வெளியே சொல்லவே கூடாது. யாரிடமும், எதற்காகவும், உயிரே போனாலும். தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. புதுநன்மை வாங்கும் எட்டு வயசுப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

அதாவது, பிலோ மேல் தப்பில்லை என்று அவருக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். நான் சொன்ன இடம் அந்தக் கூண்டு என்பதால், அந்த ஒரே ஒரு 'தெரியும்' அவர் வாயிலிருந்து வர வழியில்லாமல் போய்விட்டது. பூட்டியது நான். திறக்கும் உரிமையும் உலகத்தில் எனக்கு மட்டும்தான் இருந்தது. அவர் வெயிலில் குப்பத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது நான் ரிகர்சல் முடிந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.

"பிலோ" என்றேன். "அவர் திமிர்ல சொல்லல. அவரால நிஜமாவே சொல்ல முடியாது."

"ஏன்?"

"தப்பு என்னுதுன்னு அவர்கிட்ட நான் பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருந்தேன்."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"எப்ப?"

"அடுத்த சனிக்கிழமையே."

"அப்ப... அவருக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சிகினுதான் வந்தாரா?"

"ஆமா பிலோ. உன்கிட்ட சொல்லச் சொல்லி என்கிட்டயும் சொன்னார். நான்தான் சொல்லல."

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கோயில் மணி அடித்தது. ஜனங்கள் எங்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு பேசினாள், என்னிடம்தானா என்றுகூடத் தெரியவில்லை.

"மூணாவது தபா வந்தப்போ குடிக்கத் தண்ணி கேட்டாரு. நா குடுக்கல."

அழுதேன். அறுபதைத் தொடும் வயசில், மரத்தடியில், பேண்டு செட்டுக்காரர்கள் பார்க்கும்படி அழுதேன்.

"நீ என்னாண்ட சொல்லியிருக்கணும் சேவி. அவராண்ட இல்ல."

"தெரியும்."

"இன்னா தெரியும்? நாப்பது வருசமா ஒரு நல்ல மனுசன வாய்க்கு வந்தபடி திட்டிகினு இருந்தேன். என்னிய வுடு. அவர அப்டி ஆக்கிட்டியே."

மன்னிப்புக் கேட்பதில் நாம் எல்லோருமே கெட்டிக்காரர்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது. சம்பந்தப்பட்ட ஆளைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்டுவிடுவோம். கடவுளிடம் கேட்போம். பெண்டாட்டியிடம் புலம்புவோம். டயரியில் எழுதுவோம், ஸ்டேட்டஸ் போடுவோம். பாரம் இறங்கிவிடும். நம் பாரம்தான்... அவர்களுடையது?

பூசை முழுவதும் பிலோ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி. பூசை முடிந்து அல்லேலூயா ஆரம்பித்தது. டிரம்பெட், டிரம், கைத்தட்டல், ஷெரினின் கீபோர்டு. வாசலில் குழந்தைகள் குதித்து ஆடுகிறார்கள். திரும்பிப் பார்த்தால் பிலோ இடத்தில் இல்லை.

போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன்.

வெளி வராந்தாவில், பழைய பங்குச் சாமியார்களின் போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருக்கும் சுவரில், பெரிய சாமியாரின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். டிரம் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது, அது அவர்கள் இரண்டு பேர் விஷயம். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உள்ளே வந்து, ஷெரின் பக்கத்தில் போய் நின்றாள்.

"கடைசிப் பாட்டு நா எடுக்கறேம்மா."

"சூப்பர் ஆன்ட்டி! அங்கிள், வாங்க, கீபோர்டு ரெடி!"

நான் எழுந்தேன். பிலோ என்னைப் பார்த்தாள்.

"அவரு வேணாம். நீயே வாசி" என்றாள் ஷெரினிடம்.

உட்கார்ந்துவிட்டேன். அதுவும் நியாயம்தானே?

எடுப்பு வந்தது. இரண்டு விநாடி. மூன்றாவது விநாடியில் பிலோ ஆரம்பித்தாள், முதல் சொல்லிலேயே குரல் உடைந்தது. நாற்பது வருஷம் பூட்டிக் கிடந்த குரல், பின்னே எப்படி இருக்கும்? நிறுத்திவிடுவாளோ என்று பயந்தேன். நிறுத்தவில்லை. ஒரு படி கீழே இறங்கி, அங்கே கால் ஊன்றிக்கொண்டு, திரும்பவும் எடுத்தாள். பழைய குரல் இல்லை. கரகரப்பு, நடுக்கம், நடுவில் இருமல்கூட. ஆனால் டிரம்பெட்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். கோயில் முழுக்க அவளுக்குப் பின்னால் எழுந்து நின்றது. எனக்கு இருபது வயசாகிவிட்டது. வலது தோள் ஓரம் அவள் நிற்கிற மாதிரியே இருந்தது.

துணியை இறக்கினார்கள். சுருட்டினார்கள். பெட்டியை மூடினார்கள். யாரும் பேசாமல் கலைந்தார்கள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவளோடு நடந்தேன். பஸ் வருவது தெரிந்ததும் கேட்டாள்.

"நீ பேப்பர்ல எழுதுவியாமே. எம்பொண்ணு சொல்லிச்சு. என்னியப் பத்திகூட ஒரு தபா எழுதினியாம், படிச்சுக் காட்டுச்சு."

தரையைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

"இத்தயும் எழுது" என்றாள். "எம்பேரு போட்டாலும் போடு, போடாட்டியும் பரவால்ல. அந்த மனுசன் பேரப் போட்டு எழுது. பெரிய சாமியாரு, சின்ன சாமியாருன்னு எழுதாத. முழுப் பேரு."

ஏறிவிட்டாள். பஸ் போய்விட்டது.

அருட்தந்தை இஞ்ஞாசிமுத்து. கூண்டில் கேட்டதைச் சாகும்வரை சொல்லாதவர். ஆனாலும் ஒரு பெண் திரும்ப வந்து பாட வேண்டும் என்று மூன்று முறை வெயிலில் நடந்தவர்.

போட்டுவிட்டேன், பிலோ.